துன் நகருக்கு இரண்டு டப்பா மிளகாய்த்தூள்

ஸ்பெயினுக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் திருச்சியில் என் சித்தப்பா, "நல்ல வெயில் ஊரும்மா" என்று சொல்லி மூன்று பருத்திச் சுடிதார் எடுத்துக் கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்தது அந்நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியா. இறங்கிய அன்று பிடித்த மழை ஏழு மாதமாகியும் ஒழுங்காக விட்டதாக நினைவில்லை. மூன்று சுடிதாரும் மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கின்றன.

நான் படிப்பது கடல்நீர் வேதியியல். காலையில் வகுப்பு. பிறகு மட்டி வளர்க்கும் மிதவைகளுக்குப் படகில் போய்ப் புட்டி புட்டியாகத் தண்ணீர் எடுத்து வந்து சோதிக்க வேண்டும். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு பத்து மணிக்கு. முதல் மாதம் முழுக்க என் வயிறு திருச்சி நேரத்துக்குக் கூப்பாடு போட்டது. பேராசிரியரை "சார்" என்றால் வேறு யாரையோ அழைக்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வருவதற்குள் ஒரு பருவமே முடிந்துவிட்டது.

தங்கியிருப்பது கார்மென் என்ற எழுபத்திரண்டு வயது அம்மாளின் வீட்டில் ஓர் அறை. அவரும் கணவர் மனுவேலும் சுவிட்சர்லாந்தில், துன் என்னும் ஏரிக்கரை ஊரில், ஒரே ஹோட்டலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள். மனுவேல் சமையல்காரர், கார்மென் அறைகளைச் சுத்தம் செய்தவர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பிவிட்டார்கள். நான் தமிழ் என்று தெரிந்த அன்றே மனுவேல் என்னைப் பார்த்து "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுத் திடுக்கிட வைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். சிவம் என்ற யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லிக் கொடுத்ததாம். அதைத் தினமும் கேட்டார். ஜனவரியில் ஒரு காலை, காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஏப்ரல் விடுமுறைக்கு எங்கேயாவது போய் வரலாம் என்று நான் வரைபடத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கார்மென் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"துன் நகருக்குப் போயேன். சிவத்துக்கு இன்னும் தெரியாது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மூன்று மாதமாகிவிட்டதே.

"பிப்ரவரியில் போன் செய்தான். எடுத்ததும் அவர் செல்லப் பெயரைச் சொல்லி 'மனோலோ!' என்று சிரித்தான். எனக்கு வாய் வரவில்லை. தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் மறுபடி செய்தான். சந்தைக்குப் போயிருக்கிறார் என்றேன். ஜூனில் அவனுக்கு வேலை ஓய்வு. ஜூலையில் இங்கே வர டிக்கெட் எடுத்துவிட்டானாம். இதைப் போனில் சொல்ல முடியாது. அவனுக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாம் வெங்காயம், அடுப்பு, சீக்கிரம், கெட்ட வார்த்தை. சாவைச் சொல்ல அதில் வார்த்தை இல்லை. நீ உங்கள் மொழியில் சொல்."

தமிழ்நாட்டுத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் வேறு, எனக்கு அவரை முன்பின் தெரியாது, சாவுச் செய்தி சொல்லிப் பழக்கமில்லை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கார்மென் உள்ளே போய் இரண்டு சிவப்புத் தகர டப்பாக்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். புகையில் காயவைத்து அரைத்த மிளகாய்த்தூள். வருடா வருடம் மனுவேல் சிவத்துக்கு அனுப்புவதாம். டப்பாவைக் கையில் வாங்கியபோதே நான் போக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை. சுவிட்சர்லாந்து ரயிலில் நான் கண்ட முதல் அதிசயம், யாரும் போனில் கத்தவில்லை. கலீசியாவில் பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரியின் மருமகள் செய்த அநியாயம் முழுக்க இறங்குவதற்குள் தெரிந்துவிடும். இங்கே அந்த அமைதியே தாலாட்டாகிவிட்டது. கண்விழித்தபோது துன் நிலையம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. அது போதாதென்று, ஷ்பீட்ஸ் என்ற ஊரில் ரயில் இரண்டாகப் பிரிந்து, நான் இருந்த பாதி மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனி, மாட்டுக் கொட்டகை, மறுபடி பனி.

டிக்கெட் பார்ப்பவரிடம் கையைப் பிசைந்தபடி நின்றேன். திருச்சியாக இருந்தால் ஒரு பாட்டு விழுந்திருக்கும். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாள் எடுத்து, எங்கே இறங்க வேண்டும், எந்த நடைமேடை, எத்தனை மணிக்குத் திரும்பும் ரயில் என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார். "பலருக்கும் நடப்பதுதான். மலையையும் பார்த்துவிட்டீர்கள், நல்லது" என்றார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் வருவதை மட்டும் கார்மென் போனில் சொல்லியிருந்தார். துன் நிலையத்தில் ஒன்றரை மணி நேரமாக ஒருவர் காத்து நின்றார். குட்டையான, அகன்ற தோள்கள் உள்ள மனிதர். கையில் எனக்காக ஒரு கம்பளிச் சட்டை. சிவம் அங்கிள்.

"நித்திரையாப் போனீரோ பிள்ளை? நானும் வந்த புதிசிலை அப்பிடித்தான், இத்தாலி வரைக்கும் போய் வந்தனான். வாரும், வாரும். மனுவேல் எப்பிடி இருக்கிறான்?"

கேள்வி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை. நடைமேடையில் வைத்தா சொல்வது? அதுவும் பசியோடு இருக்கும் மனிதரிடம்? சாப்பிடாதவரிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று என் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரியப்பா இறந்தபோது அப்பா வேலையிலிருந்து வந்து குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிட்டு எழும்வரை அம்மா அழாமல் பரிமாறியது நினைவுக்கு வந்தது. "கார்மென் உங்களுக்கு இதக் குடுத்து விட்டாங்க அங்கிள்" என்று டப்பாக்களை நீட்டினேன்.

"மனுவேல்தான் அனுப்பியிருப்பான். கார்மென் ஒரு கசவாரம், அஞ்சு சதம் செலவழியாள்" என்று சிரித்தார். நான் தலையாட்டினேன். அது என் முதல் பொய்.

வீட்டில் யோகம் அன்ரி, அவர் மனைவி, இடியப்பமும் சொதியும் சம்பலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மணி எட்டு. கார்மென் வீட்டில் அது மாலைச் சிற்றுண்டி நேரம். இங்கே தெருவில் பாதி விளக்குகள் அணைந்துவிட்டன. சாப்பாடு முடியட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். சாப்பாடு முடியவில்லை. இடியப்பம் ஆனதும் பழம், பழம் ஆனதும் தேநீர், தேநீரோடு பயற்றம்பணியாரம். "இன்னும் ஒண்டு வையும் பிள்ளை, ஸ்பெயினிலை இது ஆர் தரப்போறினம்?" கடைசிப் பணியாரத்தை நான் ஒருவழியாகக் கொறித்து முடித்தபோது அங்கிள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை அங்கிள் கடைக்குப் போன நேரம் பார்த்து அன்ரியிடம் சொன்னேன். அவர் நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டார்.

"கடவுளே. இப்ப சொல்லாதையும் பிள்ளை. நாளைக்கு வருசப்பிறப்பு. பேர்னுக்குப் பக்கத்திலை எங்கடை கோயிலிலை அன்னதானம், அவர்தான் சமையல். முந்நூறு பேர் வருவினம். ஞாயிறு பின்னேரம் சொல்லுவம்."

"துடக்கு மாதிரி எதாச்சும் வருமா அன்ரி?" யாழ்ப்பாணத்தார் தீட்டைத் துடக்கு என்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அவர் என்ன எங்கடை ஆளோ? வேலை செய்த இடத்துச் சிநேகிதன். துடக்கு ஒண்டும் இல்லை. மனுசன் கவலையோடை அடுப்படியிலை நிக்கக் கூடாதெண்டுதான் சொல்லுறன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கோழைக்கு ஒரு சாக்குக் கிடைத்த நிம்மதி.

பகலில் அங்கிள் ஊரைச் சுற்றிக் காட்டினார். துன் நகரின் பழைய தெரு ஒன்றில் நடைபாதை கடைகளின் கூரைமேல் போகிறது. கீழே ஆட்கள் கடையில் செருப்பு வாங்க, மேலே நாம் அவர்கள் தலைக்கு மேல் நடக்கிறோம். ஏரியிலிருந்து ஆரே ஆறு கிளம்பும் இடத்தில் மூடிய மரப்பாலமும் மதகும். மதகு திறந்து தண்ணீர் சுழித்துப் பாயும் இடத்தில் ஒரு பெண் பலகைமேல் நின்று, போகவும் செய்யாமல் விழவும் செய்யாமல் அலையில் நடனமாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் பச்சையும் நீலமுமாக, அடி தெரியும் சுத்தம். என் புட்டிகளில் ஒன்று இருந்தால் நிரப்பியிருப்பேன்.

பிறகு தன் ஹோட்டலுக்குப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார். "இதுதான் எங்கடை குசினி."

அங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. தலைமைச் சமையல்காரர் சுவிஸ்காரர்; பாத்திரம் கழுவும் இடத்தில் ஐம்பது வயது எரித்திரியாக்காரர் ஒருவர்; காய்கறி மேஜையில் ஓர் ஆப்கானியர். மூவரும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு வெங்காயம், பூண்டு, கத்தி, சூடு, ஓடு என்று சொன்னதெல்லாம் ஸ்பானிஷ். ஒரு ஸ்பானியரும் அந்த அறையில் இல்லை.

"நான் வரேக்கை இந்தக் குசினி முழுக்கக் கலீசியாக்காரர்" என்றார் அங்கிள். "எனக்கு டொச், அதுதான் ஜெர்மன், தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. மனுவேல் குசினி எண்டதுக்கு ஒரு சொல் சொன்னான், எங்கடை சொல் மாதிரியே இருந்தது. திங்கிற பாணுக்கும் அப்பிடித்தான், காலிலை போடுற சப்பாத்துக்கும் அப்பிடித்தான். அட, இவன் சொந்தக்காரன் போலக் கிடக்கெண்டு நினைச்சன். அவங்கள் ஒவ்வொருத்தரா ஊருக்குப் போட்டாங்கள். அவைக்குப் பேந்து வந்தவைக்கு அந்தச் சொல்லுகளை நான் பழக்கினன்."

எரித்திரியாக்காரரிடம் நான் ஸ்பானிஷில் பேச்சுக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்து, "உங்கள் ஜெர்மன் நன்றாக இருக்கிறது" என்றார். ஆறு வருடமாக அந்த வெங்காயமும் பூண்டும் ஜெர்மன் என்றே நம்பி இருந்திருக்கிறார். கார்மெனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று தோன்றியது. மனுவேல் இருந்திருந்தால் இன்னும் அதிகம்.

திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் ஒரு படித்துறையைக் காட்டி நின்றார்.

"என்ரை அம்மா தவறின செய்தி அந்தக் குசினிக்குத்தான் வந்தது. நான் வந்து ரெண்டு வருசம். அகதி விண்ணப்பம் முடியேல்லை, ஊருக்குப் போகேலாது. போனை எடுத்தவன் மனுவேல். எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. குளிக்கோணும், ஆத்திலை குளிக்கோணுமெண்டு மட்டும் சொன்னனான். மாசி மாசம். இந்தத் தண்ணியைத் தொட்டுப் பாரும்."

தொட்டேன். ஏப்ரலிலேயே விரல் மரத்தது.

"துடைக்கத் துவாயோடை கூட வந்தவன். நான் இறங்க, அவனும் உடுப்போடை இறங்கீட்டான். உனக்கென்னடா துடக்கெண்டு கேட்டன். அவனுக்கு விளங்கேல்லை, பல்லுக் கிடுகிடுக்க நிண்டவன். பேந்து ஒரு கிழமை காய்ச்சல். கார்மென் என்னோடை ஒரு மாசம் கதைக்கேல்லை." வயிறு குலுங்கச் சிரித்தார். "ஜூலையிலை போய் அவன்ரை கடலிலை ரெண்டு பேரும் இறங்கப் போறம். அங்கை தண்ணி எப்பிடி, சூடோ?"

"அங்கயும் ஜில்லுனுதான் இருக்கும் அங்கிள்" என்றேன். அடுத்த வாக்கியத்தை மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

மாலை ஐந்தரை மணி. அன்ரி அடுப்பில் சோறு வைத்திருந்தார். கிழங்குப் பிரட்டலை அங்கிளே செய்தார். சிவப்பு டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி போட்டதும் கலீசியாவின் வாடை அந்தச் சமையலறை முழுக்கப் பரவியது.

"ஒரு ரகசியம் சொல்லட்டே பிள்ளை? கோயில் கிழங்குக் கறிக்கும் இந்தத் தூள்தான். சூரிச்சிலை இருந்தெல்லாம் அந்தக் கறிக்காக வருவினம். என்ன போடுறனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஹோட்டலில் ஆர்டர் எழுதும் சின்னத் தாள்கட்டை எடுத்து மேஜையில் உட்கார்ந்தார். நாளைக் காலை அர்ச்சனைக்குப் பெயர்கள். யோகேஸ்வரி, ரோகிணி. மகள் பெயர், நட்சத்திரம். பேரன் பெயர், நட்சத்திரம். அடுத்து அவர் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். மனுவேல், அனுஷம்.

"மனுவேலுக்கா?" என்றேன்.

"ஓம். ஒவ்வொரு வருசமும் செய்யிறனான். பிறந்த திகதியைக் குடுத்து ஐயரிட்டை நட்சத்திரம் பார்த்தது. சேர்ச்சுக்குப் போற வேதக்காரனெண்டா என்ன, நீண்ட ஆயுள் எல்லாருக்கும் வேணும்தானே."

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் புதைத்த மனிதருக்கு நாளைக் காலை சாமி முன்னால் ஆயுள் கேட்கப் போகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்க என்னால் முடியாது. அது என் படிப்புக்கோ பகுத்தறிவுக்கோ கட்டுப்பட்ட விஷயமில்லை.

"அங்கிள், அந்தப் பேர எழுதாதீங்க."

நிமிர்ந்தார்.

"மனுவேல் இல்ல அங்கிள். ஜனவரியிலயே... காலைல காப்பிக்குத் தண்ணி வச்சிட்டு உக்காந்தவர்தான். கஷ்டப்படல. கார்மெனால உங்ககிட்டச் சொல்ல முடியல. அதான் என்னை அனுப்பினாங்க."

அவர் பேனாவை மூடினார். எழுந்து போய் அடுப்பை அணைத்தார். சோறு இன்னும் முழுதாக வேகவில்லை.

"வெள்ளிக்கிழமை வரேக்கையே உமக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதுதான் ஒழுங்காச் சாப்பிடேல்லை. நான் யோகத்தின்ரை சமையல் பிடிக்கேல்லையாக்குமெண்டு நினைச்சன்." என் தலையில் ஒருதரம் கை வைத்து எடுத்தார். பிறகு கொடியில் கிடந்த துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

தலை ஈரத்தோடு வந்து, நின்றபடியே கோயில் நிர்வாகியைப் போனில் அழைத்தார். எதிர்முனைக் குரல் எங்களுக்கும் நன்றாகக் கேட்டது.

"நாளைக்கு நான் சமைக்க வரேலாது தம்பி. எனக்குத் துடக்கு."

"ஐயோ, ஆர் அண்ணை?"

"என்ரை அண்ணன்."

"உங்களுக்கு எங்கை அண்ணன்? நீங்கள்தானே மூத்தவர்?"

"ஸ்பெயினிலை இருந்தவர். மனுவேல்."

"எப்ப நடந்தது?"

"தையிலை."

"மூண்டு மாசமோ? அப்ப தலைக்குக் குளிச்சாப் போதும் அண்ணை. துடக்கெல்லாம் கழிஞ்சுது. வந்து சமையுங்கோ. முந்நூறு பேர்."

"அவன் தையிலைதான் செத்தவன்" என்றார் சிவம் அங்கிள். "எனக்கு இண்டைக்குத்தான் செத்தவன்." போனை வைத்தார்.

அன்ரி அலமாரியைத் திறந்து, தனக்கு ஒரு துவாயை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை. துடக்கு வீட்டார் கோயிலுக்குப் போகவில்லை. "நீர் போய் வாரும், உமக்கென்ன. வருசப்பிறப்பிலை பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது" என்று அன்ரி என்னைக் குளிக்கச் சொல்லி, ரயிலேற்றி விட்டார். இந்த முறை நான் தூங்கவில்லை. அங்கிள் கார்மெனுடன் போனில் இருந்தார். நான் கிளம்பும்போது அவர் பேசியது கொஞ்சம் கேட்டது. அடுப்பு, வெங்காயம், சீக்கிரம் என்ற சொற்களை வைத்துக்கொண்டே அவர் எப்படியோ அழுதுகொண்டிருந்தார். மறுமுனையில் கார்மெனுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஜூலைப் பயணம் உண்டா என்று பிறகு கேட்டேன். "போகாமல்? கடலிலை இறங்கோணும்" என்றார்.

கோயில் வெளியே பார்த்தால் பண்டகசாலை, உள்ளே பார்த்தால் பட்டு வேட்டியும் மல்லிகையும் நாதஸ்வரமும். பிள்ளைகள் தங்களுக்குள் சுவிஸ் ஜெர்மனில் சண்டை போட்டு, பெரியவர்களிடம் தமிழில் கோள் சொன்னார்கள். அர்ச்சனைத் தட்டுகள் வரிசையாக நகர்ந்தன. அன்ரி கொடுத்தனுப்பிய தாளில் மகள் பெயரும் பேரன் பெயரும் மட்டும் இருந்தன.

பந்தியில் எனக்கு இடப்புறம் சூரிச்சிலிருந்து வந்த ஓர் அம்மா. சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பச்சடி எல்லாம் வந்தன. கடைசியில் கிழங்குக் கறி. வாளியில் வரும்போதே ஆவி பறந்தது. அந்த அம்மா முதலில் அதைத்தான் எடுத்து வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்திவிட்டு எதிரே இருந்த கணவரைப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, இந்தமுறை கிழங்குக் கறி வேறை மாதிரிக் கிடக்கு. என்னவோ ஒண்டு இல்லை."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். "ஓம், குறையுதுதான். என்னெண்டு பிடிபடேல்லை."

எனக்குப் பிடிபட்டது. நான் குனிந்து என் கறியைச் சாப்பிட்டு முடித்தேன்.